ஓப்பன் (ஆங்கில வினைச்சொல்)

ஓப்பன் என்பது திறத்தல் என்னும் பொருள் தரும் ஆங்கில வினைச்சொல் ஆகும். செருமன், இடச்சு மொழிகளிலும் இதற்கு இனமான சொற்கள் உண்டு. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் கற்கும்போது அடிக்கடி பிழைபடப் பயன்படுத்தும் எளிய சொற்களுள் இதுவும் ஒன்று.

சீனச் சொல்லுடன் ஒப்பீடு

மாண்டரின் சீனத்தில் இதற்கு நிகரான சொல் "காய்" என்பதாகும். இதன் மரபு எழுத்துவடிவம் இரட்டைக் கதவையும், தாழை நீக்கும் இரு கைகளையும் கொண்டது. எளிமையாக்கப்பட்ட வடிவத்தில் கதவு நீக்கப்பட்டுவிட்டது. சொல்லின் பொருளும் கதவோடு நிற்கவில்லை. விளக்கை எரியவிடுதல், வண்டி ஓட்டுதல், கூட்டம் நடத்துதல், மருத்துவர் மருந்து எழுதித் தருதல், பூ மலர்தல், நீர் கொதித்தல் ஆகிய அனைத்தையும் காய் என்றே கூறலாம்.

ஆங்கிலத்தில் விளக்குக்கு "டர்ன் ஆன்", வண்டிக்கு "டிரைவ்" என வெவ்வேறு வினைகள் வரும். "ஓப்பன் த கார்" என்றால் காரின் கதவைத் திறப்பதாகவே பொருள்படும். விளக்கைப் போடுவதற்கு "ஓப்பன் த லைட்" என்பது பொது ஆங்கிலத்தில் பிழை. எனினும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் அது அன்றாட வழக்கு.

மின்சுற்றில்

"ஓப்பன் த லைட்" என்பதன் கருத்தைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். மின்சுற்றுகளில் அவ்வாறு விட்டுவிட இயலாது. ஆங்கில மின்பொறியியலில் ஆளி ஓப்பன் நிலையில் உள்ளது என்றால், தொடுமுனைகள் விலகி மின்னோட்டம் நின்றுள்ளது என்று பொருள். குளோஸ் செய்தால் மின்னோட்டம் பாயும். சீனத்திலோ ஆளியின் பெயரே "காய்குவான்", அதாவது திற-மூடு. பேச்சு வழக்கில் காய் இயக்குதலையும் குவான் நிறுத்துதலையும் குறிக்கும். ஆகவே மின்சாரத்தை நிறுத்தும் நோக்கில் ஒருவர் "குளோஸ் த சுவிட்ச்" என்று சொன்னால், கேட்கும் பொறியாளர் மின்சாரத்தைப் பாயவிடக்கூடும். அப்போது கம்பியில் கை வைத்திருப்பவருக்கு உயிராபத்து நேரலாம்.

சீனப் பொறியாளர்கள் தம் மொழியில் இக்குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்கின்றனர். மின்சுற்று முறிப்பான்களில் பொதுவாகச் சேர்த்தல், பிரித்தல் என்னும் பொருளுடைய எழுத்துகளே பொறிக்கப்படுகின்றன.

நிலையும் செயலும்

கடை மூடியிருப்பதைக் குறிக்கக் "குளோஸ்ட்" என்பர். அதைப் பின்பற்றி, திறந்திருப்பதை "ஓப்பன்ட்" என எழுதுவது மற்றொரு பிழை. திறந்திருக்கும் நிலைக்கு ஓப்பன் என்னும் பெயரடையே உரியது. "ஓப்பன்ட்" என்பது கடை 9 மணிக்குத் திறக்கப்பட்டது போன்ற, நடந்து முடிந்த செயலுக்கே பொருந்தும்.