"ஷட் டவுன்" செய்த பிறகும் விடிய விடிய கரண்ட் குடிக்கும் கம்ப்யூட்டர்!
தடுக்க வழி என்ன? கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டியவை

கல்லாவைப் பூட்டுகிறீர்கள். ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டை இரண்டு முறை ஆட்டியும் பார்க்கிறீர்கள். பில் போடும் கம்ப்யூட்டரையும் "ஷட் டவுன்" செய்தாகிவிட்டது.

ஆனால் அது தூங்கவில்லை! விடிய விடிய கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

சந்தேகமா? அணைத்த பிறகு பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். நெட் ஒயர் சொருகிய இடத்தில் சின்ன விளக்கு மினுக்குகிறதா? மவுசின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் உள்ளே கரண்ட் ஓடுகிறது. விளக்கு எரியாவிட்டாலும் ஓடவில்லை என்று சொல்லிவிட முடியாது.

காலிங் பெல் சுவிட்ச்

பழைய கம்ப்யூட்டர்களில் சுவிட்சைத் தட்டினால் "டக்"கென்று கரண்ட் நின்றுவிடும். 1995-ல் இன்டெல் கம்பெனி "ஏ.டி.எக்ஸ்." என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் முன்பக்கம் இருப்பது கரண்டை வெட்டும் சுவிட்ச் அல்ல. வெறும் காலிங் பெல்.

பெல் அடித்தால் கேட்பதற்கு உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக 5 வோல்ட் கரண்ட் எந்நேரமும் மதர்போர்டுக்குப் போகிறது. பவர் சப்ளையில் இருந்து வரும் ஊதா நிற ஒயர்தான் அந்த வழி. கீபோர்டைத் தட்டினால் எழுவது, நெட் வழியாக தூரத்தில் இருந்து எழுப்புவது எல்லாம் இதனால்தான்.

எவ்வளவு நஷ்டம்?

பழைய பெட்டி என்றால் சும்மா இருக்கும்போதே 2 முதல் 5 வாட் வரை இழுக்கும். புதியது ஒரு வாட்டுக்கும் கீழேதான். ஐரோப்பாவில் இதற்கென்று 2008-ல் விதியே போட்டார்கள். அணைத்து வைத்த வீட்டு, ஆபீஸ் மின்சாதனங்கள் 2010 முதல் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது, 2013 முதல் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி மட்டுமா? மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர், யு.பி.எஸ். என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 14 மணி நேரம். வருடத்துக்கு 51 யூனிட்! யூனிட் 10 ரூபாய் என்று போட்டால் 510 ரூபாய்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இது பெரிய காசு இல்லைதான். 20 கம்ப்யூட்டர் உள்ள ஆபீசில்? ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். 10 ஆயிரம் ரூபாய் காற்றில் போகும்!

எப்படி நிறுத்துவது?

சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதுதான் நூற்றுக்கு நூறு வழி. அதற்கும் வரிசை உண்டு.

முதலில் "ஷட் டவுன்". ஃபேன் நிற்கும் வரை பொறுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்டை வெட்டினால் வம்பு. அடுத்து யு.பி.எஸ். பொத்தான். கடைசியில் சுவர் சுவிட்ச். யு.பி.எஸ்.ஸை அணைக்காமல் சுவர் சுவிட்சைத் தட்டினால் அது "கீ, கீ" என்று கத்தி பேட்டரியைத் தின்றுவிடும்.

சுவர் சுவிட்ச் கைக்கு எட்டவில்லையா? பெட்டியின் பின்னால் பவர் சப்ளையிலேயே பெரும்பாலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதுவும் போதும்.

இன்னொரு வழி: கம்ப்யூட்டர் எழும்போது "டெலீட்" அல்லது "எஃப் 2" பொத்தானை அழுத்தினால் பயாஸ் திரை வரும். பல போர்டுகளில் "இ.ஆர்.பி." என்று ஒரு வரி இருக்கும். அதை "எனேபிள்" செய்தால் காத்திருப்புக் கரண்ட் பெருமளவு குறைந்துவிடும். கீபோர்டில் எழுப்புவதும் நெட்டில் எழுப்புவதும் அதோடு போய்விடும். வீட்டில் இருந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டரை எழுப்புகிறவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

உஷார்!

கண்காணிப்பு கேமராவின் ரெக்கார்டர் அதே சுவிட்ச் போர்டில் இருக்கிறதா? முதலில் அதைத் தனி பிளக்குக்கு மாற்றுங்கள். 2 ரூபாய் கரண்டை மிச்சம் பிடிக்கப் போய், கடையில் திருட்டு நடந்த ராத்திரியில் படமே இல்லை என்றால் போலீசிடம் எதைக் காட்டுவது?

சுவர் சுவிட்சை அணைத்தால் கம்ப்யூட்டர் கடிகாரம், போர்டில் உள்ள "சி.ஆர். 2032" என்ற காசு மாதிரியான பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி பழசாக இருந்தால் காலையில் தேதி தப்பாகக் காட்டும். பில்லிலும் தப்பான தேதி விழும். பேட்டரி விலை கொஞ்சம்தான். மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. "ஷட் டவுன்தான் செய்தாச்சே" என்று பெட்டியைத் திறந்து ராம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் சொருகியிருந்தால் போர்டில் கரண்ட் உண்டு. முதலில் பிளக்கை உருவுங்கள். போர்டு ஒருமுறை வெந்துவிட்டால், நாலைந்து வருடம் மிச்சம் பிடித்த கரண்ட் காசு முழுக்க அதற்கே சரியாகப் போய்விடும்!