விடியும் முன் எஞ்சினுக்கு ஒரு கணப்பு

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஜனவரி மாதம் தெருவில் நடந்தால், கார்களின் முகத்தில் ஒரு வயர் தொங்குவதைப் பார்க்கலாம். முன்பக்கக் கிரில்லின் இடுக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் மூன்று முள் பிளக். மின்சாரக் கார்களைச் சொல்லவில்லை. பெட்ரோல் ஊற்றி ஓட்டும் சாதாரண வண்டிகளுக்குத்தான் இந்த வால்.

அங்கே என் முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை மைனஸ் 33 டிகிரி. சாவியைத் திருப்பினேன். வழக்கமாக ஒரே மூச்சில் கேட்கும் ஸ்டார்ட்டர் சத்தம் வரவில்லை. பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாடு மூச்சு வாங்குவதுபோல இரண்டு முனகல், பிறகு ஒரு ‘டக்’, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் அந்த ஊரில் பல வருடம் லாரி ஓட்டியவர். சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

“தம்பி, இரவு பிளக்கைக் கொழுவினனீங்களோ?”

“எந்த பிளக் அண்ணே?”

அவர் குனிந்து கிரில்லுக்குள் கையை விட்டு, பனி ஒட்டிய கறுப்பு வயர் ஒன்றை இழுத்து என் கையில் கொடுத்தார். பழைய வண்டியாக நான் வாங்கிய நாள் முதல் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதன் மறுமுனை எஞ்சினுக்குள் போகிறது. அங்கே இருக்கும் சின்னச் சாதனத்தின் பெயர் பிளாக் ஹீட்டர். வண்டியைக் கிளப்பும் முன்பே எஞ்சினைச் சூடாக்குவது ஒன்றுதான் அதன் வேலை.

ஓடினால் தானே சூடாகிவிடும் எஞ்சினுக்கு முன்கூட்டியே எதற்குச் சூடு?

ஒரே நேரத்தில் மூன்று தாக்குதல்

மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதையும், தலைக்குத் தேய்க்க அதை வெயிலில் வைப்பதையும் எல்லாரும் பார்த்திருப்போம். அது 24, 25 டிகிரியிலேயே நடக்கிற விஷயம். எஞ்சின் ஆயில் அப்படிச் சட்டென்று கட்டியாகாது; ஆனால் குளிரக் குளிரக் குழைந்து தடித்துக்கொண்டே போகும். ஓடிச் சூடான எஞ்சினில் நல்லெண்ணெயைவிட இளக்கமாகப் பாயும் அதே ஆயில், மைனஸ் 30 டிகிரியில் பல நூறு மடங்கு தடித்துத் தேன்போல இழுபடும். பிஸ்டன்கள், கிராங்க் ஷாஃப்ட், பேரிங்குகள் எல்லாம் அந்தத் தேனுக்குள்தான் அசைய வேண்டும்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ என்றால், மைனஸ் 30 டிகிரியிலும் ஸ்டார்ட்டர் சுற்ற முடிகிற அளவுக்கு மேல் அந்த ஆயில் தடிக்காது என்று சோதித்திருக்கிறார்கள். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35-இல் சோதிக்கிறார்கள். நம் ஊர் ஓட்டுநருக்கு இந்த எழுத்தால் பெரிய பயன் இல்லை. வின்னிபெக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது அடி பேட்டரிக்கு. கார் பேட்டரியில் மின்சாரம் பிறப்பது ஈயத்தட்டுக்கும் அமிலத்துக்கும் இடையே நடக்கும் வேதிவினையால். குளிர் அந்த வினையை மந்தமாக்கும். மைனஸ் 18 டிகிரியில், நல்ல பேட்டரியிலிருந்தும் ஏறக்குறைய பாதித் திறன்தான் கிடைக்கும். தடித்த ஆயிலுக்குள் எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டிய அதே நேரத்தில், பலம் கொடுக்க வேண்டியவன் பாதியாகிக் கிடக்கிறான். என் வண்டி முனகியதன் காரணம் இதுதான்.

மூன்றாவது அடி பெட்ரோலுக்கு. எரிவது பெட்ரோலின் ஆவி. திரவமாக இருக்கும்வரை அது எரியாது. கடும் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. போதுமான ஆவி வேண்டும் என்பதற்காக எஞ்சினின் கணினி பல மடங்கு பெட்ரோலை உள்ளே பீய்ச்சுகிறது. ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே படிந்திருக்கும் ஆயில் பூச்சைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் அதிகம் தேய்வது இந்த முதல் சில நிமிடங்களில்தான். புகையும் அப்போதுதான் அதிகம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும்.

கிளப்பியவுடன் கால் மணி நேரம் நிறுத்தி ஓடவிட்டால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். அந்த நேரம் முழுக்கப் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, சுவரைக் கழுவிக்கொண்டே இருக்கும். ஆயில் மேலே ஏறச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதே எஞ்சினுக்கு நல்லது. ஆனால் ஓட்டுவதற்கு முதலில் வண்டி கிளம்ப வேண்டுமே! அதற்கான சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

கொதிநீர், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி

கார் வந்த காலத்திலிருந்தே குளிர்நாட்டு மக்கள் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். இரவில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் கொதிநீரைக் கொண்டுவந்து ஊற்றிக் கிளப்புவார்கள். கனடாவின் வடகாட்டுப் பகுதிகளில் சிறு விமானம் ஓட்டியவர்களின் பாடு இன்னும் கடினம். மாலையில் தரையிறங்கியதும், சூடு ஆறும் முன் ஆயிலை டின்னில் வடித்துக் குடிலுக்குள் எடுத்துப் போவார்கள். காலையில் அடுப்பில் அந்த ஆயில் சூடாகும். வெளியே எஞ்சின்மேல் கித்தான் துணியைக் கூடாரம்போலப் போர்த்தி, உள்ளே ஊதடுப்பை ஏற்றிவைத்து, துணி தீப்பற்றாமல் ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் தொட்டால் சுடுகிற பதம் வந்ததும் ஆயிலை ஊற்றி, ஆறிவிடும் முன் கிளப்பியாக வேண்டும்.

இந்தப் பாட்டைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரூ ஃப்ரீமேன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்துக்காரர்; கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்ற கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். பழைய செப்புக் குழாயையும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்த சூடேற்றும் கம்பியையும் வைத்துத் தன் முதல் ஹீட்டரைச் செய்தார். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே சூடேற்றும் கம்பி வைத்த போல்ட்டை அங்கே முறுக்குவதுதான் அவருடைய யோசனை. அதற்கு 1949 நவம்பர் 8 அன்று காப்புரிமை கிடைத்தது. மின்கம்பி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு யோசனைக்கு வழி பிறந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாளிக்குள் போடும் ஹீட்டரின் தம்பி

இன்றைய கார்களில் போல்ட் வகை அரிது. பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரையே நேரடியாகச் சூடாக்குகிறார்கள். குளிக்க வெந்நீர் போட வாளிக்குள் விடுகிறோமே ஒரு ஹீட்டர் ராடு, அதன் தம்பி என்று இதைச் சொல்லலாம். உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு வளைந்த கம்பி, அதைத் தாங்கும் வட்டத் தகடு, வயர் செருக ஒரு முனை. திறன் பெரும்பாலும் 400 முதல் 600 வாட்.

அதைப் பொருத்தும் இடம் சுவையானது. எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே நீர் ஓடும் வழிகளுக்காக மணல் கருக்களை வைத்து வார்க்கிறார்கள். வார்த்து முடிந்ததும் மணலை வெளியே எடுக்கப் பக்கவாட்டில் சில துளைகள் இருக்கும். பிறகு அவற்றைக் கிண்ணம் போன்ற உலோக மூடிகளால் அடைத்துவிடுவார்கள். அந்த மூடிகளில் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் ஹீட்டரைச் செருகுகிறார்கள். வார்ப்புப் பட்டறையின் தேவைக்காக விட்ட துளை, குளிரை வெல்லும் வாசலாகிவிட்டது.

கம்பி சூடானதும் அதைச் சுற்றியுள்ள நீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு இறங்கும். பம்ப் எதுவும் வேண்டாம், சூடு தானே சுற்றிவரும். நீரிலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து ஆயிலுக்கும் அது மெல்லப் பரவும். இங்கே நீர் என்பது வெறும் நீர் இல்லை. எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. வெறும் நீராக இருந்தால் உறைந்து, விரிந்து, எஞ்சினையே பிளந்துவிடும்.

எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நூறு கிலோ வார்ப்பிரும்பும் ஆறு லிட்டர் கூலன்டும் என்று வைத்துக்கொண்டால், அத்தனையையும் ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 66 கிலோஜூல் வேண்டும். 400 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 24 கிலோஜூல் தரும். ஆக, ஒரு டிகிரிக்கு மூன்று நிமிடம். சூடு வெளியே போகாமல் இருந்தால் மூன்று மணி நேரத்தில் 60 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஆனால் எஞ்சின் சூடேறச் சூடேற அதிலிருந்து காற்றுக்குப் போகும் சூடும் கூடிக்கொண்டே போகும். அதனால் நடைமுறையில் வெளிக்குளிரைவிட 20 முதல் 40 டிகிரி மேலே போய் நின்றுவிடும். மைனஸ் 30-இல் நின்ற எஞ்சின் பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்கும். அது போதும்: ஆயில் இளகிவிடும், பெட்ரோல் ஆவியாகத் தொடங்கும், பேட்டரியின் சுமை குறையும்.

வரவும் செலவும் சமமாகிவிட்ட பிறகு எத்தனை மணி நேரம் விட்டுவைத்தாலும் ஒரு டிகிரிகூட ஏறாது. அதற்குமேல் போகும் மின்சாரம் தெருவைத்தான் சூடாக்கும். இரவு முழுக்கப் பத்து மணி நேரம் விட்டால் 4 யூனிட். மூன்று மணி நேரம் மட்டும் விட்டால் 1.2 யூனிட். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரு டைமரை வாங்கி, விடிகாலையில் தானே ஓடும்படி வைத்துவிடுகிறார்கள். கனடா அரசின் இயற்கை வளத் துறையும் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டால் போதும் என்று சொல்லி, மைனஸ் 20 டிகிரியில் எரிபொருள் செலவு 10 சதவீதம்வரை குறையலாம் என்று கணக்குக் காட்டுகிறது.

ஊரே சேர்ந்து சொருகும் பிளக்

வின்னிபெக், சாஸ்கட்டூன், எட்மண்டன் போன்ற ஊர்களில் அலுவலகங்களின், அடுக்குமாடிகளின் வாகன நிறுத்தங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் மின்முனை வைத்த கம்பம் நிற்கும். சில இடங்களில் குளிரின் அளவைப் பார்த்து விட்டு விட்டு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் படுத்துவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். வண்டிப் புகை போக வழியின்றி ஊருக்குள்ளேயே தேங்கும். எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கிளப்புவது அங்கே பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்காகச் செய்யும் காரியமும்கூட.

நம் நாட்டிலும் இந்தத் தொல்லை தெரிந்த ஊர்கள் உண்டு. லடாக்கில் டீசல் வண்டிக்காரர்களின் பிரச்சினை சற்று வேறு. டீசலுக்குள் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. கடும் குளிரில் அது தேங்காய் எண்ணெய்போலவே பிரிந்து திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்குகிற ஆபத்தான பழக்கம் மலைப்பாதை ஓட்டுநர்களிடம் உண்டு. மைனஸ் 33 டிகிரிவரை ஓட்டம் குறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. எரிபொருளின் சிக்கலை எரிபொருளிலேயே தீர்த்த வழி அது.

பிளாக் ஹீட்டர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சிலதான். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் அந்தக் குளிரில் குச்சிபோல விறைத்து வெடித்துவிடும். குளிர் தாங்கும் வெளிப்புற வயர்தான் வேண்டும், எர்த் முனையோடு. கூலன்ட் குறைந்து ஹீட்டர் கம்பி காற்றில் நின்றால் எரிந்துபோகும். கிளம்பும் முன் பிளக்கைப் பிடுங்க மறக்கக் கூடாது. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கவே கூடாது. வாசனை இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். பிளாக் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை என்பதால் அந்த ஆபத்து இல்லை.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இதற்கெல்லாம் வேலை இருக்காது என்று தோன்றும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கும் குளிர் ஆகாது. உறைநிலைக்குக் கீழே அதை வேகமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அதனால் அந்த வண்டிகளும் கிளம்பும் முன்பே, பிளக்கில் நிற்கும்போதே பேட்டரியை வெதுவெதுப்பாக்கிக்கொள்கின்றன. ஓடிச் சூடாவதற்கு முன் ஒரு கைச்சூடு அவற்றுக்கும் வேண்டியிருக்கிறது.

அன்று பெரியவர் தன் வீட்டிலிருந்து ஒரு ஆரஞ்சு நிற வயரைக் கொண்டுவந்து என் வண்டிக்குக் கொழுவிவிட்டார். ஹீட்டர் லேசாக முணுமுணுக்கத் தொடங்கியது. சட்டியில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும்போது கேட்கும் அதே ஒலி. மூன்று மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன். வெளியே இன்னும் மைனஸ் 30. முதல் சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது.