வினாவின் ஏவற்சொல்

பரீட்சை மண்டபத்தினின்றும் வெளிவரும் மாணாக்கனை நோக்கி, “என்ன வினா வந்தது?” என்று கேட்டால், “கிணற்றுப் பாசனம், சேர்” என்பான். வந்த பொருள் யாதென்பதைக் கூறுவானேயன்றி, அப்பொருளைக் கொண்டு யாது செய்யுமாறு பணிக்கப்பட்டான் என்பதைக் கூறான். கற்றவனும் புள்ளி குறைந்து நிற்றற்கு இதுவே பெருங்காரணம் என்பது பல்லாண்டு விடைத்தாள் திருத்தியதில் யான் கண்டது.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தினார். விடையறிந்த ஆசிரியன் மாணாக்கனிடம் கேட்பது அவற்றுள் அறிவினா. பரீட்சை வினா அவ்வகையினதே. எனினும் அது பெரும்பாலும் ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’ என வியங்கோள் முற்றால் முடிகின்றது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வியங்கோள் வருமென்பர். வினாத்தாளில் வருவது விதித்தல். நம் மாணாக்கருட் சிலர் அதனை வைதலெனக் கொண்டு நடுங்குவது வேறு கதை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுப் பாசனம் என்னும் ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். ‘விவரிக்க’ என்றால், கண்ணாற் காண்பவற்றை ஒழுங்குபடக் கூறுதல் வேண்டும். செம்மண் தோட்டம், கிணறு, முற்காலத்துத் துலாவும் பட்டையும், பின்வந்த நீரிறைக்கும் இயந்திரம், வாய்க்கால், பாத்தி, அதில் நிற்கும் வெங்காயமும் புகையிலையும் ஆகியன போதும். காரணங் கூறப் புகுவோன் காலத்தை வீணாக்குகின்றான்.

‘விளக்குக’ என்பதோ ஏன், எவ்வாறு என்பவற்றிற்கு விடை வேண்டுவது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து மழைநீர் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் அது கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கிணறு அவ்வில்லையைத் தொடுகின்றது. அளவு கடந்து இறைத்தால் நன்னீர் மெலிந்து உவர்நீர் மேலெழும். ‘ஆதலால்’ என்னும் சொல்லோ அதன் பொருளோ ஓரிடத்தேனும் வாராத விடை, எத்துணை நீண்டதாயினும், விளக்கம் ஆகாது.

‘ஒப்பிடுக’ என்றவுடன் கிணற்றுப் பாசனத்திற்கு ஒரு பக்கமும் வன்னிக் குளப் பாசனத்திற்கு ஒரு பக்கமும் எழுதுவோர் பலர். அது அடுக்கி வைத்தல், ஒப்பீடு அன்று. நீர் எங்கிருந்து வருகின்றது, எவர்க்கு உரியது, எப்பயிர்க்குப் பாய்கின்றது என அளவைகளை முதலில் வகுத்து, ஒவ்வோர் அளவையிலும் இரண்டனையும் ஒருங்கே நிறுத்தல் வேண்டும். உரிமை என்னும் அளவையில், கிணறு தனியொருவர்க்கோ பங்காளிகள் சிலர்க்கோ உரியது என்னும் வாக்கியம் குளத்து நீர் பலர்க்கும் பொதுவாய்ப் பங்கிடப்படுவது என்பதையும் உடன் சொல்லியே முடிதல் வேண்டும்.

மாணாக்கரை மிக ஏமாற்றுவது ‘ஆராய்க’ என்பதாகும். “நீரிறைக்கும் இயந்திரம் யாழ்ப்பாணக் கமத்தொழிலை வளப்படுத்திற்று. ஆராய்க.” என்று உயர்தர வகுப்பிற்கு ஒருகாற் கொடுத்தேன். வகுப்பிற் சிறந்த மாணவன் இயந்திரத்தின் நன்மைகளை மூன்று பக்கம் எழுதினான். எழுதியதிற் பிழையில்லை, துலா மிதிக்கவும் பட்டை பிடிக்கவும் நீர் கட்டவும் வேண்டிய ஆட்கள் குறைந்ததையும், தோட்டப் பரப்பு விரிந்ததையும் செம்மையாகவே காட்டினான். பாதிப் புள்ளியே கொடுக்க இயன்றது. தரப்பட்ட கூற்றை அவன் உண்மையென்று ஏற்றுக்கொண்டான், ஆராய்தற்குரியதோ அக்கூற்றே. அதே இயந்திரம், மழை மீள நிரப்புமுன்னரே நீரைக் கவர்ந்து சில கிணறுகளை உவராக்கும் என்பதையும் எதிர்வைத்து, கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்று துணிதல் வேண்டும். இருபுறமும் கூறித் துணியாது விடுவோரும் உளர். அவர்க்கும் முழுப்புள்ளி இல்லை.

கணிதத்திலும் இந்நோய் உண்டு. ‘உய்த்தறிக’ என்றால் முற்பகுதியிற் பெற்ற முடிவைக் கொண்டே மேற்செல்லல் வேண்டும். புதுவழியிற் சரியான விடை கண்டவனும் ஏவலை மீறியவனே.

குற்றம் மாணாக்கரிடம் மட்டுமோ? வெளிவாரியாகப் படித்த நாளில், எவ்வினாவிற்கும் பொருந்தட்டுமென்று தலைப்புத்தோறும் ஒரு குறிப்பை நெட்டுருப்பண்ணியவன் யான். ஆராயக் கேட்ட இடத்தில் அதனை ஒப்புவித்து ஒரு தாளில் தவறினேன். ஆசிரியனான பின்னும் அத்தகைய குறிப்புகளையே கரும்பலகையில் எழுதிப்போட்டு வந்தேன். இக்கட்டுரை எழுதுமுன், சென்ற தவணைக்கு யான் ஆக்கிய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டு வினாக்களுள் ஐந்து ‘பற்றி எழுதுக’ என்று முடிந்திருந்தன. மாணாக்கரும் பற்றி எழுதியிருந்தனர்.