பழவேற்காட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம்

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை, உப்புக்காற்றுக்கும் குறைவில்லை. இங்குள்ள மீனவ கிராமங்களில் கூரைமீது சூரியத் தகடு அமைக்க விரும்புவோர் இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிலிக்கான் தகட்டில் ஒளி படும்போது நேர்மின்சாரம் உண்டாகிறது. அதை வீட்டு உபயோகத்திற்கு ஏற்ற மாறுமின்சாரமாக இன்வெர்ட்டர் மாற்றித் தருகிறது. வேலை செய்வது ஒளிதான், சூடு அல்ல. சூடு மிகுந்தால் உற்பத்தி சற்றுக் குறையும். ஆகவே தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் தேவை. தகடு தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கிலோவாட் அமைப்பு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும்.

பலரும் ஏமாறுவது ஓரிடத்தில்தான். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் போன்ற புயல் நாளில் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கூடும், ஆயினும் இரண்டு விளக்கு, ஒரு விசிறி, கைபேசி ஆகியவற்றுக்குப் போதுமான சிறிய பேட்டரியாவது வைத்துக்கொள்வது நல்லது. அதையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

தாங்கிகள் அலுமினியத்தாலோ, துத்தநாகம் நன்கு பூசிய இரும்பாலோ ஆனவையாக இருக்கட்டும். வெறும் இரும்பு உப்புக்காற்றில் துருவேறி, பெருங்காற்றில் தகட்டோடு பெயர்ந்து போகும். தகட்டில் படியும் உப்பையும் தூசியையும் அதிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவுக. ஏரித் தண்ணீர் கூடாது.

2024-இல் தொடங்கப்பட்ட பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், மின்வாரிய இணைப்புள்ள அமைப்புகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. வாங்குமுன், தகடு உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா எனக் கேட்டு எழுத்தில் பெறுக.