பனிவண்டிக்கு ஆணி எதற்கு?

ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி சக்கரத்தில் ஓடுவதில்லை. முன்னால் திசை திருப்ப இரண்டு ஸ்கீக்கள், இருக்கைக்கு அடியில் சுழலும் அகன்ற ரப்பர் பட்டை. இவைதான் தரையைத் தொடுகின்றன. ஸ்கீக்களுக்குப் பிரேக் கிடையாது. பிரேக்கைப் பிடித்தால் பட்டையின் சுழற்சி நிற்கும். வண்டி நிற்குமா என்பது பட்டைக்கு அடியில் இருக்கும் தரையைப் பொறுத்தது. பட்டையில் அடிக்கும் ஆணி வேகத்துக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் அதை முதலில் பிரேக்கின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கோர்ட் என்ற ஊரில், ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பனியில் ஓடுவதற்கான வண்டி அது. அதன் வழிவந்த இன்றைய வண்டிகளின் பட்டையில் குறுக்கே வரிசை வரிசையாக ரப்பர் மேடுகள் இருக்கும். தடங்களில் ஓடும் வண்டிகளுக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். ஆழமான மலைப்பனிக்கு மூன்று அங்குலம் வரைகூட. மென்பனியைத் துடுப்புபோல் அள்ளித் தள்ளி அவை வண்டியை நகர்த்துகின்றன. உறைந்த ஏரியில் அள்ளுவதற்கு எதுவும் இல்லை. மின்னசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ போன்ற இடங்களில் பனித்தடங்கள் ஏரிகளைக் கடந்து போகின்றன. தடத்திலேயே திருப்பங்களும் சந்திப்புகளும் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து வழவழப்பான பனிக்கட்டியாகிவிடும்.

ஆணி என்பது எஃகுத் தண்டு. அதன் முனையில் டங்ஸ்டன் கார்பைடு. பட்டையில் துளையிட்டு உட்புறமிருந்து செருகி, வெளிப்புறம் அகலமான தகடு வைத்து நட்டால் முடுக்குவார்கள். முனை ரப்பர் மேட்டைவிடச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் போதும். ஒரு பட்டைக்கு 96, 144, 192 என்று அடிப்பது வழக்கம். எண்ணிக்கையைவிட அவற்றை அமைக்கும் விதம் முக்கியம். முன்னால் போன ஆணி கீறிய கோட்டிலேயே அடுத்ததும் வந்தால் கடிக்கப் புதுப் பனிக்கட்டி கிடைக்காது. அதனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோட்டைக் கீறும்படி தள்ளித் தள்ளி அமைக்கிறார்கள். நடுப்பகுதி ஆணிகள் புறப்படவும் நிற்கவும் உதவும். ஓரத்து ஆணிகள் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும்.

புதிதாக ஆணி அடிப்பவர்கள் மறப்பது முன்பக்கத்தை. ஸ்கீக்களின் அடியிலும் கார்பைடு பதித்த கம்பிகள் உண்டு. வண்டி திரும்புவது அவற்றின் பிடியால்தான். பட்டைக்கு மட்டும் பிடி கூடினால், கைப்பிடியைத் திருப்பினாலும் பட்டை வண்டியை நேராகவே தள்ளிக்கொண்டு போகும். முன்பக்கம் நன்றாகக் கடித்துப் பின்பக்கம் வழுக்கினாலோ, வால் சுழன்று முன்னே வந்துவிடும். ஆணிக்குச் செலவழிப்பவர் அதற்கு ஈடான கம்பிக்கும் சேர்த்தே செலவழிக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் ஆபத்து.

இழப்புகளும் உண்டு. எடை கூடுகிறது, அதுவும் சுழலும் பாகத்தில். பட்டைக்கு மேலே கவிந்த அலுமினியக் கூட்டில்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இருக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் ஆணிகள் ரேடியேட்டரைக் கிழித்துவிடும். அதனால் உள்ளே பாதுகாப்புத் தகடுகள் பொருத்துவது அவசியம். வெற்றுப் பாறையிலோ தார்ச்சாலையிலோ முடுக்கினால் ஆணி வளையும், அல்லது ரப்பரோடு பிய்ந்துவரும். பிய்ந்த ஆணி பின்னால் வருபவர்மேல் பாயலாம். விழுந்தவர்மேல் ஆணிப் பட்டை ஏறினால் காயம் மிகக் கொடியது. சாலைக் கடப்புகளும் மரப்பாலங்களும் கீறல் விழுந்து சிதைகின்றன. கோடையில் மிதிவண்டிக்காரர்கள் பயன்படுத்தும் பொதுத் தடங்களும் அப்படித்தான். அதனால்தான் மின்னசோட்டாவில் தார் போட்ட பொதுத் தடங்களில் ஆணி வைத்த வண்டிகளைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அது நியாயம்தான்.

ஆழ்பனி மலைகளில் ஓட்டுபவருக்கு ஆணி வெறும் சுமை. விஸ்கான்சினின் ஈகிள் ரிவரில் 1964 முதல் நடக்கும் பனிவண்டிப் பந்தயத்துக்கு வருபவருக்கோ அது இல்லாமல் களமே இல்லை. அங்கே ஓடுதளமே பனிக்கட்டி.

எப்போதாவது ஏரியைக் கடப்பவர்களுக்காக, ரப்பர் மேடுகளின் நுனியிலேயே சிறு கார்பைடு முனைகள் பதித்த பட்டைகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. துளையிட வேண்டியதில்லை. பெரிய ஆணியின் பிடி அவற்றில் வராது, ஆனால் வெறும் ரப்பரைவிடச் சீக்கிரம் நிற்கலாம். எந்த ஆணியானாலும் பனித்தூள் இல்லாத வெற்று ஏரியில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. பட்டை வாரியிறைக்கும் பனிதான் ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. பட்டை உரசி ஓடும் பிளாஸ்டிக் சறுக்குகளுக்கு மசகும் அதுவே.