ஒரே ரேம், இரண்டு பங்காளிகள்

ஆரணிப் பட்டின் முந்தியும் பார்டரும் இன்று பெரும்பாலும் கணினித் திரையில்தான் உருவாகின்றன. முன்பெல்லாம் டிசைன் போடுகிறவர் கிராப் தாளை விரித்து, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவார். அதைப் பார்த்து அட்டை குத்தி, கோத்து, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் இப்போது அட்டையே இல்லை. பென் டிரைவில் டிசைன் போய்விடுகிறது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், சேவூர் என்று சுற்றுவட்டாரத் தறிகளுக்கு டிசைன் போட்டுத் தருகிறவருக்குப் பெரிய முதலீடு கணினிதான். அதை வாங்கும் இடத்தில் காசு தேவையில்லாத பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"படம் போடுற வேலைண்ணா, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது" என்பார் ஒரு கடைக்காரர். "இதுலயே 4 ஜிபி கிராபிக்ஸ் இருக்குதுண்ணா" என்று மலிவான மடிக்கணினியைக் காட்டுவார் இன்னொருவர். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 480 கொக்கி ஜக்கார்டில் 3000 ஊடை ஓடும் முந்தி என்றால் 14,40,000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் வைத்தாலும் ஒன்றரை எம்பிக்குள் முடிந்தது. அதைக் காட்டுகிற 1920-க்கு 1080 திரைக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பி போதும். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தாலும் 500 எம்பியைத்தான் நகர்த்த வேண்டும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸுக்கு இது ஒரு சுமையே அல்ல.

அப்படியானால் கணினி ஏன் திணறுகிறது? பாட்டி காலத்துச் சேலை ஒன்றை ஸ்கேன் செய்து, அதிலிருந்து அன்னத்தையும் மாங்காயையும் எடுக்கும் வேலையைப் பாருங்கள். 6000-க்கு 8000 புள்ளிகள் கொண்ட படம், ஒரு லேயருக்கே 144 எம்பி. பத்து லேயர் போட்டால் ஒன்றரை ஜிபியை நெருங்கிவிடும். பக்கத்தில் விண்டோஸ், குரோம், பட்டுக் கடைக்காரர்கள் மாதிரிப் படம் அனுப்பும் வாட்ஸ்அப் எல்லாம் திறந்திருக்கின்றன. தட்டுப்பாடு ரேமில்தான். அந்த ரேமிலும் கிராபிக்ஸ் ஒரு பங்கு கேட்கிறது. ஏன் என்று தெரியக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1999-இல் இன்டெல்லின் 810 சிப்செட் கிராபிக்ஸை மதர்போர்டு சிப்புக்குள் கொண்டுவந்தது. 2011 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் அது பிராசஸரின் அதே சில்லுக்குள் குடியேறியது. ஏஎம்டியும் அதே ஆண்டு அப்படிச் செய்தது. தனி கார்டில் தனக்கென்று நினைவகம் இருக்கும், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. அண்ணன் தம்பி நிலம் இரண்டுக்கும் பொதுக் கிணறு ஒன்றுதான் என்பதுபோல, பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே ரேமிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

பங்கு இரண்டு விதமாகப் பிரிகிறது. கணினி உயிர்பெறும்போதே பயாஸ் ஒரு பகுதியைக் கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கிவிடும். '8 ஜிபி வாங்கினேன், 7.8 தான் காட்டுகிறது' என்று வருத்தப்படுகிறவர்கள் தேடும் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. சில ரைசன் மடிக்கணினிகளில் இந்த ஒதுக்கீடே 2 ஜிபி. அங்கே கையில் நிற்பது 6-க்கும் குறைவு. அதற்கு மேல் வேண்டியதைக் கிராபிக்ஸ் அவ்வப்போது வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தரும். விண்டோஸ் இதற்கு வைக்கும் வரம்பு ஏறக்குறைய ரேமில் பாதி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தைப் பாருங்கள்: 'ஷேர்டு' என்ற வரியில் 0.6/3.9 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 0.6 இப்போது எடுத்திருப்பது, 3.9 எடுக்கக்கூடிய உச்சம். கடைக்காரர் சொன்ன '4 ஜிபி கிராபிக்ஸ்' பல சமயம் இந்த உச்சம்தான். அது உங்கள் 8 ஜிபியிலேயே பாதி, கூடுதலாக ஒன்றும் வரவில்லை.

அளவோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். டிடிஆர்4 3200 ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போகும். இரண்டு சேனலிலும் குச்சி போட்டால் 51.2. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய தனி கார்டின் நினைவகமே 128 ஜிபி வேகம் கொண்டது. அதனால் ரேம் வேகத்தின் அருமை தனி கார்டு இல்லாதவருக்குத்தான் அதிகம். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இரட்டைச் சேனல் இருந்தால்தான் அந்தப் பெயரையே காட்டும். ஒற்றைக் குச்சி என்றால் வெறும் 'யுஎச்டி' என்றுதான் வரும்.

என்னைக் கேட்டால், டிசைன் வேலைக்கு 8 ஜிபி இரண்டு குச்சி, ஆக 16 ஜிபி. அதன்பிறகு காசு மிஞ்சினால் நல்ல திரை. அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத திரையில் பட்டுக்கு நிறம் பார்க்க முடியாது. சேலையை முப்பரிமாண உருவத்துக்கு உடுத்திக் காட்டுவது, வீடியோ, ஏஐ-யில் படம் உருவாக்குவது என்று இறங்குகிறவருக்கு மட்டும் தனி கார்டு அவசியம்.

பயாஸில் போய் கிராபிக்ஸ் ஒதுக்கீட்டைக் கூட்டினால் வேகம் வருமென்று யாராவது சொன்னால், 8 ஜிபி கணினியில் செய்துவிடாதீர்கள். லேயர்களுக்கு வேண்டிய இடத்தைப் பிடுங்கிக் கிராபிக்ஸிடம் பூட்டி வைப்பதுதான் நடக்கும்.

மடிக்கணினி வாங்குமுன் பின்மூடிக்குள் என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். சிலவற்றில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும், பிறகு குச்சி சேர்க்கலாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசிவரை. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலையும் கடுமையாக ஏறிவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பழைய கணினியை மாற்ற வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. கூட்டுறவுச் சங்கமோ தனி முதலாளியோ, விலைப்புள்ளி கேட்கும் தாளில் 'கிராபிக்ஸ் எத்தனை ஜிபி' என்ற கேள்வியை அடித்துவிட்டு, 'ரேம் எத்தனை குச்சி, காலி ஸ்லாட் உண்டா' என்று எழுதுங்கள்.