ஊருக்குப் போகும் டிக்கெட்டிலேயே ஹம்பியும் பார்க்கலாம்!

மே மாதம் நெருங்குகிறது என்றால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுதான்: ஊருக்கு டிக்கெட் எடுத்தாகி விட்டதா? தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும் இதில் வேற்றுமை இல்லை. ஆண்டு முழுவதும் சேர்த்த லீவும், சீட்டுக் கட்டி எடுத்த பணமும் அந்த ஒரு பயணத்தில் கரைந்து விடுகின்றன. இருபது ஆண்டுகள் இங்கே இருப்பவர் கூட அஜந்தாவைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருப்பார். பிள்ளைகளோ சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் என்ற பெயர்களைப் பிளாட்பாரத்துப் பலகையில் படித்ததோடு சரி.

வேறு எங்காவது போகலாமே என்று பிள்ளைகள் கேட்டால், "பெற்றவளைப் பார்க்கப் போவதா, கோட்டையைப் பார்க்கப் போவதா?" என்ற பதில்தான் கிடைக்கும். நியாயமான பதில்தான். ஊரில் இருக்கும் வயதானவர்கள் இன்னும் எத்தனை மே மாதம் வாசலில் காத்திருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு லீவு என்றாலே கூலி இல்லாத நாள். ஆகவே ஊரை விட்டுவிட்டு டில்லிக்கோ டார்ஜிலிங்குக்கோ போங்கள் என்று யோசனை சொல்வது அளக்காமல் சட்டை தைப்பது போன்றது. ஆனால் ஊருக்குப் போகிற வழியில் இரண்டு நாள் இறங்கலாம் அல்லவா? ரயில்வே விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

இறங்கி ஏறும் வசதி

500 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் ஒரு முறையும், 1,000 கிலோ மீட்டருக்கு மேற்பட்டதில் இரண்டு முறையும் இறங்கித் தங்கலாம். பிரேக் ஜர்னி என்பது இதற்குப் பெயர். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நாள் தங்க அனுமதி உண்டு. முதல் இறக்கம் மட்டும் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோ மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ஆகவே புணேயும் சோலாப்பூரும் இதில் சேரா. ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களுக்கும் இந்த வசதி கிடையாது.

டிக்கெட்டைத் துண்டு துண்டாக எடுப்பதை விட இது லாபம். தூரம் கூடக் கூடக் கிலோ மீட்டருக்கான கட்டணம் குறைந்து கொண்டே போவதுதான் காரணம்.

மும்பையிலிருந்து சென்னை சுமார் 1,280 கிலோ மீட்டர். இரண்டு முறை இறங்கலாம். ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதி போய் வருவது நம்மவர்களுக்குப் பழக்கமானதே. அதற்கு முன்னால் குண்டக்கல் இருக்கிறது. அங்கிருந்து தனி டிக்கெட்டில் பல்லாரி வழியாக ஹொசப்பேட்டை போனால், ஹம்பி 13 கிலோ மீட்டர்தான்.

ஹம்பி பழைய விஜயநகரம். 1336-ல் தோன்றிய அரசின் தலைநகரம். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பாழானது. விட்டலர் கோயிலின் கல் தேரைப் பிள்ளைகள் ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் பார்த்திருப்பார்கள். நேரில் பார்க்கும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். மதுரையையும் தஞ்சையையும் ஆண்ட நாயக்கர்கள் முதலில் இந்த ஊருக்கு அடங்கியவர்களாக இருந்தவர்களே. விரூபாட்சர் கோயில் கோபுரத்தைப் பார்க்கும் திருநெல்வேலிக்காரருக்கு அந்நிய ஊருக்கு வந்த எண்ணமே தோன்றாது. பேச்சு மட்டும் கன்னடம். ஒரே டிக்கெட்டில் மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று நான்கு மொழிகளைக் கடந்து விடலாம்.

எப்போது போவது?

மே மாதம் வேண்டாம். ஹம்பியில் பாறைகளே அதிகம். அந்த வெயிலில் குழந்தைகளை நடத்திச் செல்வது கொடுமை. இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்து விட்டது. மும்பையில் ஏறும் ரயிலுக்கு ரிசர்வேஷன் திறக்கும் நாளில், மூன்று நாள் கழித்துக் குண்டக்கல்லில் ஏற வேண்டிய ரயிலுக்குத் திறந்திருக்காது. அதற்காகக் காத்திருந்தால், மே மாதக் கூட்டத்தில் முதல் ரயிலில் இடம் போய்விடும்.

தீபாவளி விடுமுறை ஏற்றது. மகாராஷ்டிரப் பள்ளிகளில் பண்டிகை முடிந்த பிறகும் சில நாள் விடுமுறை இருக்கும். சாத் பூஜைக் கூட்டம் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் போகும் ரயில்களைத்தான் நெருக்கும். தெற்கே அந்த நெருக்கடி இல்லை.

மத்திய அரசு அலுவலகங்களில் இருக்கும் கிளார்க்குகளுக்கு எல்.டி.சி. உண்டு. நான்காண்டுத் தொகுதியில் இரண்டு முறையும் சொந்த ஊருக்கே எழுதிக் கொடுத்து விடுகிறவர்கள் பலர். ஒரு முறையை இந்தியாவில் எந்த இடத்திற்கும் என்று மாற்றிக் கொள்ளலாம். 2022-2025 தொகுதிக்கு அடுத்தது 2026-2029. நான்கு ஆண்டுகளில் ஒரு முறை பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

அவ்வளவு லீவு இல்லாதவர்களுக்கு ஔரங்காபாத் இருக்கிறது. 2023 முதல் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜி நகர். ஷீரடி வரை போய்த் திரும்பி விடுகிறவர்கள் இன்னும் ஒரு எட்டு வைக்கலாம். எல்லோரா அங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர், அஜந்தா சுமார் 100. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த கைலாசநாதர் கோயில் எல்லோராவில்தான் இருக்கிறது. கிழமையை மட்டும் பார்த்துப் போக வேண்டும். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. திங்களன்று எல்லோரா, செவ்வாயன்று அஜந்தா என்றால் இரண்டும் கிடைக்கும். மாற்றிப் போனால் இரண்டு வாசலிலும் பூட்டைத்தான் பார்க்கலாம்.

செலவுக் கணக்கு

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்கிறவர்கள் முழுக் கட்டணமே கணக்கில் வைக்க வேண்டும்.

இறங்கப் போகும் ஊரை டிக்கெட் எடுக்கும்போதே கவுண்ட்டரில் சொல்லி, இரண்டு பகுதிகளுக்கும் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டின் மேல் நிலைய அதிகாரியிடம் தேதியுடன் குறிப்பு வாங்குவது அவசியம். காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டுடன் படுக்கைப் பெட்டியில் ஏற இப்போது அனுமதி இல்லை. ஆகவே குண்டக்கல்லில் ஏறும் ரயிலுக்கு இடம் உறுதியான பிறகே ஹொசப்பேட்டை லாட்ஜுக்கு முன்பணம் அனுப்புவது நல்லது.